ஒரு சொல், பல பொருள்: ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அறிவோம்



ஆங்கில வினாத்தாள் என்றதும் உங்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: “சொற்கள் தெரியவில்லை.” ஆனால் பயிற்சி விடைகளைத் திருத்திப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. கடினமான சொல்லைக் கண்டால் மாணவர் நின்று யோசிக்கிறார். தெரிந்த சிறிய சொல்லைக் கண்டால் யோசிக்காமல், முன்பு மனனம் செய்த ஒரே பொருளை எழுதிவிட்டுப் போகிறார். புள்ளி அங்கேதான் குறைகிறது.

அப்படிப்பட்ட சிறிய சொற்களில் ஒன்று ‘லைன்’. நான்கே எழுத்துகள்: எல், ஐ, என், ஈ. இதன் பொருளைக் கேட்டால் வகுப்பில் எல்லோரும் ஒரே குரலில் “கோடு” என்பார்கள். அது சரிதான். ஆனால் அது பல பொருள்களில் ஒன்று மாத்திரமே. பசறை, மடுல்சீமை, நமுனுகுல, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த உங்களுக்கு இச்சொல்லின் இன்னொரு பொருள் பிறந்த நாளிலிருந்தே தெரியும். ‘லயம்’ என்று நாம் சொல்வது இந்தச் சொல்லைத்தான்.

இப்பாடத்தில் ‘லைன்’ என்பதன் முக்கியமான பொருள்களையும், வாக்கியத்தில் எந்தப் பொருள் வந்துள்ளது என்று கண்டுபிடிக்கும் முறையையும் பார்ப்போம். ஆங்கில வாக்கியங்கள் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. அவற்றை நீங்களே உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். அதுவே ஒரு நல்ல எழுத்துப் பயிற்சி.

1. தமிழிலும் உண்டு

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய தொல்லை அல்ல. தமிழில் ‘வரி’ என்றால் எழுத்தின் வரி, புலியின் உடலில் உள்ள வரி, அரசுக்குச் செலுத்தும் வரி. ‘கோடு’ என்றால் கீறும் கோடு, மலைச்சிகரம், விலங்கின் கொம்பு, மரக்கிளை. இத்தகைய சொற்களைத் தொகுப்பதற்கென்றே நம் நிகண்டுகளில் ஒரு பகுதி உண்டு. சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதி ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி’ ஆகும்.

“அரசாங்கம் புதிய வரி விதித்தது” என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது புலியின் வரி உங்கள் நினைவுக்கு வருவதில்லை. ‘அரசாங்கம்’, ‘விதித்தது’ என்ற சொற்கள் இரு பக்கமும் நின்று பொருளைக் காட்டிவிடுகின்றன. தமிழில் நீங்கள் அறியாமலே செய்யும் இந்த வேலையை ஆங்கிலத்தில் அறிந்து செய்ய வேண்டும். இப்பாடத்தின் சாரம் இவ்வளவுதான்.

2. சொல்லின் வேர்: நூல்

இலத்தீன் மொழியில் ‘லீனும்’ என்பது ஆளிச்செடியைக் குறிக்கும். அச்செடியின் நாரில் திரித்த நூல் ‘லீனியா’ எனப்பட்டது. ‘லைன்’ அங்கிருந்து வந்தது. ‘லினன்’ என்ற துணிப்பெயரும், சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் ‘லைனிங்’ என்ற சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

நூலுக்கும் கோட்டுக்கும் என்ன தொடர்பு? மேசன் வேலை நடக்கும் இடத்தில் பாருங்கள். கல் வைப்பதற்கு முன் இரு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுவார்கள். இழுத்துக் கட்டிய நூல் நேராக நிற்கும். அதுதான் முதல் கோடு.

இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டிய நூல் நீளமாக இருக்கும். அதையொட்டி ஆட்களையோ பொருள்களையோ நிறுத்தலாம். ஓரிடத்தை இன்னோரிடத்தோடு அது இணைக்கும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கவும் செய்யும். ‘லைன்’ என்பதன் பொருள்கள் பெரும்பாலும் இந்த நான்கு குணங்களிலிருந்து பிறந்தவை.

3. கோடும் எழுத்தின் வரியும்

‘டிரோ எ ஸ்ட்ரேய்ட் லைன்.’ - ஒரு நேர்கோடு வரைக.
‘ரீட் த ஃபர்ஸ்ட் லைன் ஆஃப் த போயம்.’ - செய்யுளின் முதலாவது வரியை வாசிக்குக.

வினாத்தாளில் ‘லைன்’ என்ற சொல்லோடு இலக்கம் வந்தால், எடுத்துக்காட்டாக ‘இன் லைன் 7’ என்று வந்தால், அது பந்தியின் ஏழாவது வரி. ஏழாவது வாக்கியம் அல்ல. வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் ‘சென்டன்ஸ்’ என்று தனிச்சொல் உண்டு. ஒரு வாக்கியம் மூன்று வரிகளில் ஓடலாம். ஒரே வரியில் இரண்டு வாக்கியங்களும் இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் தவறான இடத்திலிருந்து விடை எடுப்பவர்கள் பலர்.

நாடகத்தில் நடிப்பவர் பேசும் வசனமும் ‘லைன்ஸ்’ எனப்படும். ‘ஷி ஃபர்கொட் ஹர் லைன்ஸ்’ என்றால் அவள் தன் வசனத்தை மறந்துவிட்டாள் என்பது பொருள். ‘டிரொப் மீ எ லைன்’ என்றால் எனக்கு இரண்டு வரி எழுது, அதாவது ஒரு சிறு கடிதம் போடு என்பது பொருள்.

4. வரிசை, நிரை

‘த சில்ட்ரன் ஸ்டுட் இன் எ லைன்.’ - பிள்ளைகள் வரிசையாக நின்றனர்.

காலைக் கூட்டத்தில் நீங்கள் நிற்பது ‘லைன்’. பெரட்டுக்களத்தில் பேர் போட நிற்பதும் ‘லைன்’. கொழுந்து மலையில் ஒவ்வொருவரும் பிடித்துக்கொண்டு ஏறும் ‘நிரை’ தேயிலைச் செடிகளின் வரிசை. அதற்கு ஆங்கிலத்தில் ‘ரோ’ என்று எழுதுவது பொருத்தம்.

ஏதேனும் ஒன்றைப் பெறுவதற்காக ஒருவர் பின் ஒருவராக நின்று காத்திருப்பதை அமெரிக்கர்கள் ‘லைன்’ என்பர். பிரித்தானிய ஆங்கிலத்தில் அது ‘கியூ’. நமது பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுகின்றன. எனவே 2022 இல் பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் மக்கள் நின்ற வரிசையைப் பற்றிக் கட்டுரை எழுதினால் ‘கியூ’ என்றே எழுதுங்கள்.

5. பாதை

‘தி அப்கன்ட்ரி ரெயில்வே லைன் என்ட்ஸ் அட் பதுளை.’ - மலையகப் புகையிரதப் பாதை பதுளையில் முடிவடைகிறது.

கொழும்பிலிருந்து வரும் ‘மெயின் லைன்’ என்ற பிரதான பாதை 1924 இல் பதுளையை வந்தடைந்தது. தெமோதரையில் இப்பாதை மலையைச் சுற்றி வந்து தனக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. ‘லைன்’ என்றால் நேராகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் தெமோதரை வளைவைப் பார்த்தால் போதும். நேராக இருக்க வேண்டுமானால் ‘ஸ்ட்ரேய்ட்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும்.

விமானச் சேவை நிறுவனம் ‘எயார்லைன்’. ஒருவர் செய்யும் தொழில்துறையும் ‘லைன்’ ஆகும். ‘வட் லைன் ஆஃப் வேர்க் ஆர் யூ இன்?’ என்று கேட்டால் ‘நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?’ என்பது பொருள்.

6. கயிறு, கம்பி, இணைப்பு

துணி காயப்போடும் கொடி ‘குளோத்ஸ் லைன்’. தூண்டில் நூல் ‘ஃபிஷிங் லைன்’. மின்கம்பி ‘பவர் லைன்’. தொலைபேசி இணைப்பும் ‘லைன்’ தான்.

‘த லைன் இஸ் பிஸி.’ - மறுமுனையில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்.
‘ஹோல்ட் த லைன், பிளீஸ்.’ - தயவுசெய்து இணைப்பில் இருங்கள்.

இரண்டாவது வாக்கியத்துக்கு “கோட்டைப் பிடியுங்கள்” என்று எழுதிய விடைகள் உண்டு. தொலைபேசி உரையாடலை நிரப்பும் வினாக்களில் இது அடிக்கடி பயன்படும் தொடர். அப்படியே மனனம் செய்துகொள்ளுங்கள்.

‘ஒன்லைன்’ என்ற சொல்லும் இந்த வகைதான். ‘இணைப்பில் உள்ள நிலை’ என்பது அதன் பொருள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தபோது, சிக்னல் தேடி மேட்டுக்கும் பாறைக்கும் ஏறிப் படித்த பிள்ளைகளுக்கு இச்சொல்லை விளக்கத் தேவையில்லை.

7. லயம்: நம் வீட்டின் பெயர்

இனி, நமக்கு மிக நெருக்கமான பொருளுக்கு வருவோம்.

பிரித்தானியர் ஆட்சியில் இந்தியாவின் படைமுகாம்களில் சிப்பாய்களின் குடிசைகள் நேர்வரிசையில் கட்டப்பட்டன. அந்த வரிசைகளை ‘லைன்ஸ்’ என்றனர். டில்லியில் ‘சிவில் லைன்ஸ்’ என்ற பெயரில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. இலங்கையில் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டபோது, அவர்களுக்கும் அவ்வாறே வரிசையாக, ஒரே கூரையின் கீழ், ஒட்டிய சுவர்களோடு அறைகள் கட்டப்பட்டன. அவையும் ‘லைன்ஸ்’ ஆயின. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவில் ஓர் அறை, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. ஒரு பக்கம் மட்டும் அறைகள் இருந்தால் ஒற்றை லயம். முதுகோடு முதுகாக இருபுறமும் அறைகள் இருந்தால் இரட்டை லயம்.

‘லைன்’ நம் வாயில் ‘லயன்’ ஆகி, பின்பு ‘லயம்’ ஆயிற்று. தமிழில் ‘லயம்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. அது இசையோடு தொடர்புடையது, ஒன்றிப்போதலைக் குறிப்பது. இரண்டுக்கும் ஒலி ஒன்று, வேர் வேறு. தமிழ்ப் பாடத்தில் “லயத்தோடு பாடினான்” என்று வந்தால் அது இசை. “லயத்தில் வசித்தான்” என்று வந்தால் அது வீடு.

கவனிக்க: ‘லயன்’ என்று உச்சரித்துப் பழகியதால் சிலர் ஆங்கிலத்தில் எல், ஐ, ஓ, என் என்று எழுதிவிடுகின்றனர். அது சிங்கம். ‘ஐ லிவ் இன் எ லயன் ரூம்’ என்று எழுதினால், வாசிப்பவருக்கு நீங்கள் சிங்கத்தின் அறையில் வசிப்பதாகப் பொருள்படும். வீட்டுக்கு ஈ எழுத்தில் முடியும் ‘லைன்’ என்பதே சரி.

இச்சொல் தொடர்பாக நீங்கள் அறிந்திருக்க வேண்டிய மூன்று விடயங்கள் உண்டு.

அ) செய்திகளை விளங்குதல்: 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி நமது பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டு லயங்கள் புதைந்தன. பலர் உயிரிழந்தனர். இதைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் ‘லைன் ரூம்ஸ்’, ‘லைன் ஹவுசஸ்’ என்ற தொடர்களைக் காணலாம். ‘கோடு’ என்ற ஒரே பொருளோடு அதை வாசிப்பவருக்கு அங்கே புதைந்தவை மனிதர் வாழ்ந்த வீடுகள் என்பதே விளங்காது.

ஆ) கட்டுரை எழுதுதல்: ‘மை ஹோம்’, ‘மை வில்லேஜ்’ போன்ற தலைப்புகள் வந்தால் சிலர் லயம் என்று எழுதத் தயங்கி, தாம் காணாத மாடி வீட்டையும் பூந்தோட்டத்தையும் எழுதுகின்றனர். தெரியாததை எழுதும்போது சொற்கள் வராது. வாக்கியம் தடுமாறும். தெரிந்ததை எழுதினால் சொல்லும் வரும், புள்ளியும் வரும். பின்வரும் வாக்கியங்களைப் பாருங்கள்.

‘வீ லிவ் இன் எ லைன் ஹவுஸ் ஆன் எ டீ எஸ்டேட்.’
‘இட் இஸ் ஒன் ஆஃப் டுவெல்வ் ஹவுசஸ் அண்டர் த சேம் ரூஃப்.’
‘அவர் நெய்பர்ஸ் ஆர் லைக் அவர் ஓன் ஃபேமிலி.’

மூன்றும் எளிய வாக்கியங்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. வெளிநாட்டு நண்பருக்குக் கடிதம் எழுதும் வினாவானால், அவருக்கு ‘லைன் ஹவுஸ்’ என்பது விளங்காமல் போகலாம். ‘எ ரோ ஆஃப் ஸ்மால் ஹவுசஸ் ஃபோர் எஸ்டேட் வேர்க்கர்ஸ்’ என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்துவிடுங்கள்.

பழைய ஆங்கில நூல்களிலும் அறிக்கைகளிலும் ‘கூலி லைன்ஸ்’ என்ற தொடரைக் காண்பீர்கள். தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். ஆங்கிலத்தில் அச்சொல் வேலை செய்யும் மனிதரையே குறித்து, இன்று இழிசொல்லாகக் கருதப்படுகிறது. வரலாற்றுப் பந்தியில் வந்தால் விளங்கிக்கொள்ளுங்கள். உங்கள் விடையில் எழுதாதீர்கள். ‘எஸ்டேட் வேர்க்கர்ஸ்’ என்று எழுதுங்கள்.

இ) படிவம் நிரப்புதல்: இணையத்திலும் தாளிலும் வரும் பல ஆங்கில விண்ணப்பப் படிவங்களில் ‘அட்ரஸ் லைன் 1’, ‘அட்ரஸ் லைன் 2’ என்று இருக்கும். இங்கே ‘லைன்’ என்றால் முகவரியின் முதலாம் வரி, இரண்டாம் வரி. லயத்தின் இலக்கத்தைக் கேட்கிறார்கள் என்று எண்ணி, முதலாவது இடத்தில் வெறுமனே ‘5’ என்று எழுதிவிடக்கூடாது. முதலாம் வரியில் வீட்டிலக்கமும் லய இலக்கமும், இரண்டாம் வரியில் தோட்டப் பிரிவும் தோட்டப் பெயரும், அதற்குக் கீழே பசறை என்று நகரமும் வரும். ஆக, அந்தப் படிவத்தில் ‘அட்ரஸ் லைன்’ என்பதன் ‘லைன்’ வேறு, நீங்கள் எழுதும் ‘லைன் நம்பர்’ என்பதன் ‘லைன்’ வேறு. ஒரே தாளில் ஒரே சொல், இரு பொருள்.

இது புள்ளிக்கான விடயம் மட்டுமல்ல. தோட்டங்களில் தனி முகவரி இல்லாமல், தோட்ட அலுவலகத்தின் வழியாகவே கடிதம் பெற்ற குடும்பங்கள் ஏராளம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திக் கிடைத்தால் அந்த வாய்ப்பே போய்விடும். ஆகவே முகவரியை முழுமையாகவும், எல்லாப் படிவங்களிலும் ஒரே மாதிரியாகவும், அடையாள அட்டையில் உள்ளதற்கு இணங்கவும் எழுதப் பழகுங்கள். படிவத்தின் அடியில் ‘சைன் ஆன் த டொட்டட் லைன்’ என்று இருந்தால், புள்ளிக்கோட்டின் மேல் கையொப்பம் இடுக என்பது பொருள்.

8. எல்லை

கோடு இரண்டு பக்கத்தைப் பிரிக்கும் என்று முன்பு பார்த்தோம். அதிலிருந்து ‘எல்லை’ என்ற பொருள் வந்தது.

‘பொவர்ட்டி லைன்’ - வறுமைக்கோடு. ஒரு மனிதரின் அடிப்படைத் தேவைகளுக்கு மாதம் ஒன்றுக்கு வேண்டிய ஆகக்குறைந்த செலவைக் குறிக்கும் தொகை. இலங்கையில் இதைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடுகிறது. இங்கே தமிழும் ‘கோடு’ என்றே சொல்கிறது.

‘டெட்லைன்’ - இறுதித் தவணை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அண்டர்சன்வில் என்ற போர்க்கைதிகள் முகாமில், 1864 இல், மதிலுக்கு உள்ளே ஓர் எல்லை குறிக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டிய கைதி சுடப்படுவான். அந்த எல்லையின் பெயர் ‘டெட்லைன்’. இன்று அச்சொல் ஒரு வேலையை முடிக்க வேண்டிய கடைசி நேரத்தைக் குறிக்கிறது.

விளையாட்டிலும் இப்பொருள் உண்டு. கரப்பந்தாட்டத்தில் பந்து எல்லைக்கோட்டின் மேல் விழுந்தால் அது உள்ளே விழுந்ததாகும். ‘த போல் வொஸ் ஆன் த லைன்’ என்றால் புள்ளி கிடைக்கும். ஆனால் ‘ஹிஸ் ஜொப் இஸ் ஆன் த லைன்’ என்றால் அவரது வேலை பறிபோகும் ஆபத்தில் உள்ளது. ‘ஆன் த லைன்’ என்ற அதே தொடர்தான். பந்தா வேலையா என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

9. வினைச்சொல்லாக வரும்போது

இதுவரை பார்த்தவை பெயர்ச்சொற்கள். ‘லைன்’ வினையாகவும் வரும்.

‘ட்ரீஸ் லைன் த ரோட்.’ - வீதியோரமாக மரங்கள் வரிசையாக நிற்கின்றன.
‘த டீச்சர் லைன்ட் அப் த ஸ்டூடன்ட்ஸ்.’ - ஆசிரியர் மாணவரை வரிசைப்படுத்தினார்.
‘ஷி லைன்ட் த பொக்ஸ் வித் பேப்பர்.’ - அவள் பெட்டியின் உட்புறத்தில் கடதாசி விரித்தாள்.

மூன்றாவது வாக்கியத்தில் கோடும் இல்லை, வரிசையும் இல்லை. சட்டைக்கு உள்ளே ‘லைனிங்’ வைப்பது போல, பெட்டிக்கு உள்ளே கடதாசி வைக்கப்படுகிறது.

10. நினைவில் வைக்க வேண்டிய கூட்டுச்சொற்களும் தொடர்களும்

ஹெட்லைன் - செய்தித் தலைப்பு
அண்டர்லைன் - கீழே கோடிடு
அவுட்லைன் - உருவரை, சுருக்கக் குறிப்பு
கைட்லைன் - வழிகாட்டல்
கோஸ்ட்லைன் - கரையோரம்
லைஃப்லைன் - உயிர்காக்கும் கயிறு, கடைசி ஆதாரம்
ஹொட்லைன் - அவசரத் தொலைபேசி இணைப்பு
இன் லைன் வித் - இணங்க
டிரோ த லைன் - இதற்குமேல் இல்லை என்று எல்லை வகு
ரீட் பிட்வீன் த லைன்ஸ் - வெளிப்படையாகச் சொல்லாத கருத்தையும் விளங்கிக்கொள்

11. பொருளைக் கண்டுபிடிக்கும் நான்கு படிகள்

படி 1: பெயரா, வினையா? முன்னால் ‘எ’ அல்லது ‘த’ இருந்தால் அது பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘ஈடி’ சேர்ந்து வந்து, பின்னால் ஒரு பொருளின் பெயர் தொடர்ந்தால் வினையாக இருக்கலாம்.

படி 2: ஒட்டி நிற்கும் சொல் எது? ரெயில்வே, பவர், பொவர்ட்டி, அட்ரஸ் போன்ற சொற்கள் ‘லைன்’ எந்த வகை என்பதை உடனே காட்டிவிடும்.

படி 3: யாரைப் பற்றி, எந்த இடத்தைப் பற்றி பந்தி பேசுகிறது? மைதானமா, தொலைபேசியா, தோட்டமா, வினாத்தாளா?

படி 4: நீங்கள் எண்ணிய தமிழ்ப் பொருளை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். “கோட்டைப் பிடியுங்கள்” என்பதுபோல் பொருந்தாமல் நின்றால், அந்தப் பொருளை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

அகராதி பார்க்கும்போதும் முதல் இலக்கத்தோடு மூடிவிடாதீர்கள். 1, 2, 3 என்று இலக்கமிட்டிருப்பது வெவ்வேறு பொருள்களைக் காட்டவே. ஒவ்வொன்றின் கீழும் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தை உங்கள் பந்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

12. பயிற்சி

பின்வரும் வாக்கியங்களில் ‘லைன்’ என்பது தரும் பொருளைத் தமிழில் எழுதுக.

1. ‘ஃபைன்ட் எ வேர்ட் இன் லைன் 4 விச் மீன்ஸ் ஹெப்பி.’
2. ‘த ஸ்டோர்ம் டேமேஜ்ட் த பவர் லைன்ஸ் நியர் பசறை.’
3. ‘ஹர் கிராண்ட்மதர் வொஸ் போர்ன் இன் த சேம் லைன் ரூம்.’
4. ‘பிளீஸ் ஹோல்ட் த லைன், ஐ வில் கோல் த பிரின்சிபல்.’
5. ‘த டெட்லைன் ஃபோர் தி அப்ளிகேஷன் இஸ் ஃப்ரைடே.’
6. ‘ஃப்ளவர்ஸ் லைன் த பாத் டு த கோவில்.’
7. ‘மெனி ஃபேமிலீஸ் லிவ் பிலோ த பொவர்ட்டி லைன்.’

விடைகள்

1. பந்தியின் நான்காவது வரி. இலக்கம் தொடர்வதைக் கவனிக்க.
2. மின்கம்பிகள்.
3. லய அறை. அவளது பாட்டியும் அதே லய அறையில் பிறந்தார்.
4. தொலைபேசி இணைப்பு.
5. இறுதித் தவணை. விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும்.
6. இங்கே வினைச்சொல். கோவிலுக்குச் செல்லும் பாதையோரமாகப் பூக்கள் வரிசையாக நிற்கின்றன.
7. வறுமைக்கோடு.

ஐந்துக்கு மேல் சரியானால் நன்று. குறைந்தால் 11 ஆம் பகுதியை மீண்டும் வாசித்துவிட்டுச் செய்யுங்கள். இதே முறையில் ‘ரவுண்ட்’, ‘ஃபீல்ட்’, ‘ஸ்டோர்’ ஆகிய மூன்று சொற்களையும் அகராதியில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று பொருள்களை எழுதி வாருங்கள். மூன்றும் தோட்டத்தில் நீங்கள் நாள்தோறும் கேட்கும் சொற்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகமான ஆங்கிலம் ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது. அதை எழுத்துக்குக் கொண்டுவருவதே இனி உள்ள வேலை.